நோகாத கண்

"ஐயோ அக்கா, ஆடாதை! கண்ணுக்குள்ள மயிர்!"

ஓமந்தை தாண்டின பஸ்ஸில யன்னல் காத்து பேயா அடிச்சுது. கௌசலா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினதும்தான் தங்கச்சி தேனுகா கண்டாள். நீள மயிர் ஒண்டு அக்காவின்ர கருமணிக்கு மேலயே கிடந்திச்சு.

"எந்தக் கண்ணிலயடி?" கௌசலா இமை கூட வெட்டேல்லை.

"இடது."

"அதுதானே, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீ சொன்ன லேசர்க் கண் ராசா மாதிரி. இந்த வலதுதான் என்ர உயிரை எடுத்தது."

தேனுகா சொட்டு மருந்து விட்டு மயிரைக் கழுவி எடுத்தாள்.

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கபடி ஆடேலாது எண்டுதான் கௌசலாவுக்குப் போன கிழமை கொழும்பில ஒப்பரேசன். ரெண்டு முறையில எது நல்லது எண்டு பாக்கிற ஆராய்ச்சி அது. வலது கண்ணின்ர மேல்தோலை மதுசாரத்தில ஊறவைச்சுச் சுரண்டி எடுத்தவை. இடதில தோலையும் லேசரே எடுத்திச்சு.

"ஆராய்ச்சியில சேர், அக்கா. லேசர்க் கண் நோகவே நோகாதாம்" எண்டு போனில பாத்துச் சொல்லி அக்காவைச் சம்மதிக்க வைச்சது தேனுகாதான். வீட்டில மருந்து விடுறதும் அவள்தான்.

வவுனியாவில கண் டொக்டர் அம்மா வெளிச்சம் அடிச்சுப் பாத்தா.

"வலது நோகுதோ?"

"இப்ப பரவாயில்லை. முதல் நாலைஞ்சு நாள் வீட்டுக்கூரை பறக்கக் கத்தினனான்."

"இடது?"

"கொஞ்சமும் இல்லை, டொக்டர்."

கூட வந்த தாய் கமலாசனிக்கு வாயெல்லாம் பல்லு. "அப்ப இனி வாற பிள்ளையளுக்கெல்லாம் லேசராலயே செய்யச் சொல்லுங்கோ டொக்டர். பாவம், ஏன் சுரண்டுவான்?"

டொக்டர் சிரிக்கேல்லை. திரும்பவும் இடது கண்ணைப் பாத்தா.

"வலது வடிவாத் தோல் மூடியிட்டுது. இடது இன்னும் பச்சைப் புண். வெள்ளையும் படியத் துவங்கியிட்டுது. பார்வை முழுசா வருமோ தெரியாது."

"நோகாத கண்ணிலயோ?"

"நோகாததுதான் பிரச்சினை, அம்மா. ஆரோ விறைக்கிற மருந்து விடுறியள். அதைக் கண்ணுக்குள்ள ஊத்தினா நோவும் தெரியாது, தோலும் வளராது."

விறைக்கிற மருந்து எண்டதும் தேனுகாவுக்கு விளங்கியிட்டுது. வீட்டுக்கு வந்த அண்டே லேசர்க் கண்ணும் நோகுது எண்டு அக்கா அழுதவள். நோகாது எண்ட கண் நோகுதே, தன்ர பேச்சைக் கேட்டுத்தான் கண் பழுதாப் போச்சோ எண்டு இவள் நடுங்கிப் போனாள். ஒப்பரேசனுக்கு முதல் நேர்ஸ் கண் விறைக்க விட்ட சின்னப் போத்தல் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில மிஞ்சிக் கிடந்ததை, அவள் சும்மா எடுத்து வைச்சிருந்தாள். அக்கா அழுத அண்டையில இருந்து, ஆருக்கும் சொல்லாமல், அந்த இடது கண்ணுக்கு மட்டும் அதையும் விட்டுக்கொண்டு வந்தாள்.

"ஆர் விட்டது?" டொக்டர் கேட்டா.

கௌசலா தடவித் தங்கச்சியின்ர கையைப் பிடிச்சாள்.

"இவளைச் சந்தேகப்படாதேங்கோ, டொக்டர். நீங்கள் எழுதித் தந்ததைத் தவிர வேற ஒண்டும் விடமாட்டாள். என்ன தேனு, அப்பிடித்தானே?"