காற்று அடங்காத அறை

அறுவை அரங்கில் ஆள் இல்லாவிட்டால் காற்றோட்டம் தானாகக் குறைந்துவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த புது ஏற்பாடு. அன்று மதியம் அறுவை முடிந்து அக்காவை வார்டுக்கு மாற்றிய பிறகும் அது குறையவில்லை. அக்காவும் கண் விழிக்கவில்லை. அங்கேயே நர்சாக இருந்த தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"உள்ள யாரோ இருக்காங்கன்னே சென்சார் காட்டுது சிஸ்டர்," என்றார் வார்டுக்கு வந்த ஏசி மெக்கானிக்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மேசை காலியாக இருந்தது. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாக்கா, போலாம்," என்றாள். காற்றின் இரைச்சல் மெல்ல அடங்கியது.

கண்ணைத் துடைத்தபடி வார்டுக்கு விரைந்தாள்.

"நீங்க தியேட்டர் பக்கம் போனதுமே முழிச்சிட்டாங்க," என்றாள் ஆயா.

அக்கா தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"யாருடி அது, உங்கூட வந்திருக்கறது?"