வருஷக் கத்தம்

"கத்தம் ஓதுற நாளில றேடியோ எதுக்கு ராத்தா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மைமூனா.

"மெதுவாத்தானே வெச்சிருக்கன்" என்றாள் சுலைஹா உம்மா, ஆணத்தைக் கிண்டியபடி.

எழுபத்தெட்டுப் புயலில் மௌத்தான ஒரே மகனுக்கு அவள் வருஷம் தவறாமல் கத்தம் கொடுக்கிறாள். முன் விறாந்தையில் லெப்பை ஓதிக்கொண்டிருந்தார். அடுப்படி றேடியோவில் கொழும்பில் நடந்த பெண்கள் ஓட்டப் போட்டியின் முடிவு வந்தது. ஒரு மில் அணிக்காக ஓடிய சுலைஹா என்பவள் முதலாவதாம்.

"உங்கட பேர்தான் ராத்தா."

"ஓம்."

அவள் பெண்ணே அல்ல என்று மற்ற அணிகள் முறையிட்டதால் மெடலை நிறுத்தி வைத்திருப்பதாகவும் றேடியோ சொன்னது.

"ஆம்புளயாப் பொறந்தவளாம், கேட்டீங்களா?"

"அவள் பொம்புளதான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சுலைஹா உம்மா குனிந்து அடுப்பை ஊதினாள்.

"பெத்தவளுக்குத் தெரியும்."

"அந்தப் பெத்தவள் எங்க இருக்கிறாளோ, பாவம்" என்று சொல்லிவிட்டு மைமூனா சோறு வைக்கும் சஹன்களைத் துடைக்கத் தொடங்கினாள்.

புயலுக்குப் பிறகு, உம்மாவின் பழைய சாரியை உடுத்துக்கொண்டு, "உங்கட பேர எனக்குத் தாங்க உம்மா" என்று கேட்ட பிள்ளையை நிவாரண லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊருக்குச் சொன்னவள் சுலைஹா உம்மாதான்.

விறாந்தையில் லெப்பை மௌத்தான மகனுக்காகத் துஆக் கேட்டார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். மைமூனாவும் சொன்னாள்.

சுலைஹா உம்மா இந்த வருஷமும் சொல்லவில்லை.