டேங்குக்குப் பின்னால் பதினோரு தொட்டிகள்

நான்கு நாள் நாங்கள் ஊரில் இல்லை. வாடிப் போயிருக்க வேண்டிய கீரை தளதளவென்று நின்றது. தொட்டி மண்ணெல்லாம் ஈரம்.

மனைவி படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "யாரோ மாடிக்கு வந்து பாத்திருக்காங்க."

மாடியில் ஒரு செடி கண்ணில் பட்டாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று குடிவந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மகளுக்கு ரத்தம் கம்மி, தினமும் கீரை கொடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பதினோரு தொட்டிகளை ஒளித்து வைத்தோம்.

படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரரேதான். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"எல்லாத்தையும் பாத்துட்டேன்," என்றார்.

நான் தொட்டிகளை மறைத்து நின்றேன். "சார், பொண்ணுக்காகத்தான். இன்னிக்கே எடுத்துடறோம்."

"எடுக்கறதுக்கா நாலு நாளா தண்ணி ஊத்தினேன்? ஊருக்குப் போனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டீங்களா?"

பின்னால் இருந்த கையை நீட்டினார். பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு தக்காளி நாற்று.

"இதையும் உங்களோடதுன்னு வச்சுக்கங்க. அந்தக் கண்டிஷன் என் வீட்டம்மா போட்டது."

கீழேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "மேல என்ன பண்றீங்க?"

மூன்று பேரும் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டோம்.