இரண்டு இருக்கை வண்டி

அவள் தார்ப்பாயை இழுத்தாள்.

முதலில் ஒரு விளக்கு தெரிந்தது. பிறகு நீண்ட பானெட். பிறகு அடர்பச்சையில் மொத்த வண்டியும்.

பிருந்தா தார்ப்பாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பழைய வண்டிகளுக்கு மதிப்புப் போடுவது அவள் தொழில். லாரி, டெம்போ, விபத்தில் நசுங்கிய கார்கள் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. படத்தில் மட்டுமே கண்டிருந்த அறுபதுகளின் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஷெட்டில் நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

கூரை கிடையாது. இரண்டே இருக்கை.

வண்டிக்கு அந்தப் பக்கம் ரங்கராஜ் நின்றார். இந்தப் பக்கம் அவர் அக்கா வசுமதி.

வால்பாறை எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவர்களுடைய அப்பா வாங்கிய கார் இது. அப்பா போனதும் வசுமதி சொத்தில் பங்கு கேட்டார். கேஸ் ஆயிற்று. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

தோப்பைப் பிரித்தாயிற்று. வீட்டையும் பிரித்தாயிற்று. காரை எப்படிப் பிரிப்பது? விற்றுத்தான் பிரிக்க வேண்டும். என்ன விலை பெறும் என்று பார்க்கத்தான் கோர்ட் பிருந்தாவை அனுப்பியிருந்தது.

அவள் தரையில் மல்லாந்து படுத்து அடியில் டார்ச் அடித்தாள். எழுந்து பானெட்டைத் தூக்கினாள். சேஸிஸ் நம்பரைப் பார்த்தாள். எஞ்சின் நம்பரைப் பார்த்தாள். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடியும் எஞ்சினைப் பார்த்தாள்.

"எஞ்சின் மாத்தவே இல்லைங்க! கம்பெனியில வெச்ச அதே எஞ்சின்!"

கத்திவிட்டாள். இருவரும் சிரிக்கவில்லை.

சின்னக் காந்தம் ஒன்றைப் பாடியில் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். பட்டி பூசி மறைத்த இடமென்றால் காந்தம் நிற்காது. எல்லா இடத்திலும் நின்றது. இடது கதவின் கீழே மட்டும் வழுக்கி விழுந்தது.

"இங்க அடி பட்டிருக்குங்களா?"

ரங்கராஜ் பிருந்தாவைப் பார்த்தே சொன்னார். "அவிங்களக் கேளுங்க. கெணத்து மோட்டார் ரூமுச் செவுத்துல கொண்டுபோயி இடிச்சது அவிங்கதான்."

வசுமதியும் பிருந்தாவைத்தான் பார்த்தார். "பக்கத்துல உக்காந்துட்டு இன்னும் வேகமாப் போ, இன்னும் வேகமாப் போன்னு கத்துனது யாருன்னு அவருகிட்டக் கேளும்மா."

பிருந்தா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"ஓட்டிப் பாக்கணுங்க. ஓடுற வண்டின்னா விலையே வேற."

மெக்கானிக் முந்தின நாளே வந்து பிளக், பிரேக், ஆயில் எல்லாம் பார்த்து, பெட்ரோலும் நிரப்பிவிட்டுப் போயிருந்தார். அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

க்ளக்.

பேட்டரியில் உயிர் போதவில்லை.

"தள்ளித்தான் கிளப்பணும்."

ஷெட்டிலிருந்து மண்தடம் சரிவாக இறங்கியது. அக்காவும் தம்பியும் பின்னால் போனார்கள். ஆளுக்கொரு மூலையில் கை வைத்தார்கள். நடுவில் இன்னும் ரெண்டு பேர் நிற்க இடமிருந்தது.

பிருந்தா அவசரப்பட்டுக் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கி நின்றது. இன்னொரு தடவையும் அப்படியே.

வசுமதி மூச்சிரைக்க முன்னால் வந்தார்.

"எறங்கும்மா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். பிருந்தா பின்னால் ஓடிப்போய் ரங்கராஜுக்குப் பக்கத்தில் கை கொடுத்தாள்.

தள்ளினார்கள்.

சக்கரம் உருண்டது. சரிவு பிடித்துக்கொண்டது. தென்னைகள் ஒன்றொன்றாய்ப் பின்னால் போயின. தள்ளியது போய், கூடவே ஓடினார்கள். ரங்கராஜின் ஒரு செருப்பு கழன்று எங்கோ பறந்தது.

"அக்கா! இப்ப விடு!"

விட்டார்.

எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

தோப்பே அதிர்ந்தது. மட்டைகளுக்குள்ளிருந்து காக்காய்கள் கலைந்து எழுந்தன. பிருந்தா நின்ற இடத்திலேயே குதித்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே கேட்கவில்லை.

ரங்கராஜ் ஒற்றைச் செருப்போடு தடத்தில் நின்றார். கை வாயைப் பொத்தியிருந்தது. வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

கார் தோப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. வசுமதியின் கொண்டை அவிழ்ந்து, நரைமுடி காற்றில் பறந்தது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று நிறுத்தாமலே வந்தார். தம்பி நின்ற இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்தார்.

"ஏறுடா."

ஐம்பது தாண்டிய மனுஷன் கதவைத் திறக்கவில்லை. தாவினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு காலோடு அவரையும் அள்ளிக்கொண்டு கார் கேட்டைத் தாண்டியது.

பிருந்தா நீலப் புகைக்குள் தனியாக நின்றாள். கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ரங்கராஜின் வக்கீல்.

"என்னம்மா, மதிப்புப் போட்டாச்சா?"

"இன்னும் இல்லைங்க சார்."

"வண்டி இப்ப யார் வசம் இருக்கு?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். புழுதி இன்னும் அடங்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. நீளமாக. வேண்டுமென்றே.

"ரெண்டு பேர் வசமும்தாங்க சார். ஒண்ணாத்தான் ஓட்டிட்டுப் போயிருக்காங்க."



"எப்பத் திரும்பி வருவாங்க?"

"தெரியலைங்க. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு."