இழுக்காத வண்டி

"கரீம் உங்களை ஏமாத்திப்போட்டானுங்கண்ணா" என்றார் கருப்புசாமி. சொல்லும்போதே அவருக்கு வாய் இனித்தது.

அன்னூரில் அவருடைய ஒர்க்ஷாப். எதிரே ஸ்டூலில் ஆரோக்கியதாஸ், பக்கத்தில் அவர் மனைவி சாராள். ஆரோக்கியதாஸ் வால்பாறை மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் பேத்திக்கு ஞானஸ்நானம். சொந்தக் காரில்தான் மலை ஏறுவேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. இன்னொரு மெக்கானிக்கான கரீமிடம் காட்டினார். அவன் கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்துவிட்டு, "இன்ஜின் போச்சுங்க, இதை எடுத்துட்டு மலைக்குப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டான்.

மனசு கேட்காமல் இங்கே ஓட்டி வந்தார். மெதுவாக உருண்டு வந்தும், வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல் இடித்துத்தான் வண்டி நின்றது.

"பஸ்ஸுன்னு நெனச்சுட்டீங்களாண்ணா?" என்று கருப்புசாமி சிரித்தார்.

வழியில் ஒரு செருப்பு கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, கம்ப்ரசர் குழாயை இழுத்து வந்தார். ஒவ்வொரு சிலிண்டராக பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றினார். காற்று எங்கே தப்பிக்கிறது என்று சைலன்சரில் காது வைத்துக் கேட்டார். ஆயில் மூடியைத் திறந்து கேட்டார். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். சொல்லும்படியாக எங்கும் கசிவு இல்லை.

"கல்லு மாதிரி இருக்குதுங்க இன்ஜின்."

"அப்ப காருலயே போலாங்களா?" என்றார் சாராள்.

"தாராளமாப் போலாம் அம்மணி. அதுக்கு முன்னால அவனை நாலு வார்த்தை கேக்கோணும்."

கருப்புசாமிக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. ஒரு பெருந்துறைக்காரர் வேனுக்கு இவர் போட்ட கேஸ்கட் தப்பு என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னவன் கரீம். தப்புதான். அதற்காகப் பத்துப் பேர் முன்னால் சொல்வதா? அன்றோடு பேச்சு நின்றது. இன்றும் எதிர்ப்பக்க டீக்கடையில் ஆள் நின்றது. கருப்புசாமி போனை ஸ்பீக்கரில் போட்டு, பானெட் மேல் வைத்தார்.

"ஏப்பா கரீம், கருப்புசாமி பேசறேன்."



"சொல்லுங்கண்ணா. நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லாத்தான் இருக்கறேன். ஆரோக்கியதாஸ் அண்ணன் இன்ஜினும் நல்லாத்தான் இருக்குது. காத்தடிச்சுப் பாத்துப்போட்டேன், எங்கயும் கசியலை. நீ எதைப் பாத்து இன்ஜின் போச்சுன்னே?"

"அவரு பக்கத்துல இருக்காருங்களா?"

"இங்கதான் இருக்காரு. எல்லாருந்தான் கேட்டுட்டு இருக்காங்க. சொல்லு."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

"கம்ப்ரஷன் பாத்தீங்களாண்ணா?"

"கசிவே இல்லாதப்ப கம்ப்ரஷன் எங்க போயிரும்?"

"ஒருக்காப் பாத்துருங்கண்ணா. நான் பாத்த மாதிரியே, அவரையே சீட்டுல உக்கார வச்சுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

"பாத்துட்டாப் போச்சு" என்றார் கருப்புசாமி.

ஆரோக்கியதாஸ் டிரைவர் சீட்டில் ஏறினார். கருப்புசாமி பிளக் ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுற்றவிடும்போது ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்திருக்க வேண்டும். மிதிக்காவிட்டால் உள்ளே போதுமான காற்று போகாது, நல்ல இன்ஜின்கூட நோஞ்சானாகத்தான் காட்டும். பஸ் ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அடிங்கண்ணா."

முள் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த சிலிண்டரும் அப்படியே. நாலும் அச்சடித்த மாதிரி ஒரே அளவு. கெட்டுப்போனால் இப்படி நாலும் ஒன்றாகக் கெடாது.

"மிதிச்சிருக்கீங்களாண்ணா?"

"அடி வரைக்கும் மிதிச்சுட்டுத்தான் இருக்கேன். மலையில பஸ் ஓட்டுனவங்கிட்டக் கேக்கற கேள்விங்களா இது?"

கருப்புசாமி சுற்றி வந்து கதவோரம் குனிந்தார்.

வலது கால் ஆக்சிலேட்டரில் இல்லை. அதற்குப் பக்கத்தில் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. காலில் செருப்பும் இல்லை. பெருவிரலில் எப்போதோ இடித்துக்கொண்ட காயம், ஒரு கட்டுகூட இல்லாமல். அவர் முகத்தில் வலியின் அறிகுறியே இல்லை.

கருப்புசாமி திரும்பிப் பார்த்தார். சரிந்து கிடந்த டயர்கள். தான் காலால் ஒதுக்கிய அந்த ஒற்றைச் செருப்பு. கரீமும் இந்தக் காலைப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜின் மேல் பழியைப் போட்டிருக்கிறான்.

பின்னால் வந்து நின்ற சாராளும் அந்தக் காலைப் பார்த்துவிட்டார்.

"சுகர் இருக்குதுங்களா அவருக்கு?" கருப்புசாமி தாழ்ந்த குரலில் கேட்டார்.

சாராள் தலையாட்டினார்.

"கால் மரத்துப் போயிருக்குதுங்க. இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க அம்மணி. மெதுவா நீங்களே எடுத்துச் சொல்லுங்க. நாங்க சொன்னா ஒடஞ்சு போயிருவாரு."

"என்னங்க காட்டுது?" என்றார் ஆரோக்கியதாஸ். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. குரலில் அவ்வளவு ஆசை.

கருப்புசாமி போய் அந்தச் செருப்பை எடுத்து வந்தார். மண்ணைத் தட்டிவிட்டு, கதவுக்குக் கீழே அவர் இறங்கும் இடத்தில் வைத்தார்.

"வண்டி இங்கயே நிக்கட்டுங்கண்ணா. ஞாயித்துக்கெழமை பஸ்ஸுல போயிட்டு வாங்க."

பிறகு பானெட் பக்கம் திரும்பினார். டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கரீம், நீ சொன்னதுதான் சரி. இந்த இன்ஜின் மலை ஏறாது. நான்தான் தப்பாப் பாத்துப்போட்டேன்."