விஞ்ஞானியின் வேண்டுதல்

"நோயை விரட்டுறது வெள்ளணு; வேண்டுதல் இல்ல!" என்று அரியலூர் மேடையில் மைக் அதிர முழங்கியவர் மெட்ராஸ் ஆராய்ச்சியாளர் அரியமுத்து. அவரே சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக நிற்பதைக் கண்டதும் தங்கை மலர்க்கொடிக்கு நெஞ்சு பதறியது.

"அண்ணே! அண்ணிக்கு ஏதும் ஆயிடுச்சா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. இது வேற. பாவம், சின்ன உசுரு. ஒடம்புல ரத்தமே ஊறல. புது ரத்தம் ஊற வைக்கிற தாய்ச்செல்லை எலும்பு மஜ்ஜையிலேருந்து எடுத்து நான்தான் ஏத்துனேன். அது பொழைச்சாத்தான் என் ஏழு வருஷ ஆராய்ச்சி நிக்கும். ஒடம்பெல்லாம் வீங்கி, சாப்பிடாம சுருண்டு கெடந்துச்சு. எனக்கே பயம் வந்து ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். நேத்து எந்திரிச்சு ஓடுது மலரு!"

அவர் கண் கலங்கியது. மலர்க்கொடி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பெத்தவ வயித்துல பால வார்த்தீங்கண்ணே! யாரு வூட்டுப் புள்ள?"

அரியமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள இல்ல. லேப்புல வளக்குற வெள்ளெலி."

மலர்க்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எலிக்குன்னா புள்ளையார்கிட்டல்ல வேண்டியிருக்கணும்?"

"அங்கயும் தேங்கா ஒடச்சுட்டுத்தான் வரேன்" என்றார் விஞ்ஞானி.