தூசிக்கு விழுந்த திட்டு

ஒரு அருங்காட்சியகத்தில் அயர்லாந்து ஊர்ப்பெயர்ப் பலகையும் சந்தால் பழங்குடியினரின் மேளமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"எங்கள் நாட்டில் பெயர்ப்பலகை என்றால் முதல் வரி ஐரிஷ்தான். பள்ளிக்கூடத்திலும் அது கட்டாயப் பாடம்," என்றது பலகை.

"எங்கள் சந்தாலி மொழிக்குச் சொந்த எழுத்து வந்தே நூறு வருஷம்தான் இருக்கும்," என்று மேளம் கூச்சப்பட்டது.

அப்போது துடைக்க வந்த சந்தால் பெண் பாஹா, மேளத்தைப் பார்த்து ஏதோ படபடவென்று சொன்னாள். மேளத்தின் தோல் லேசாகச் சிலிர்த்தது.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டது பலகை.

"பாட்டா? சந்தாலியில் தூசியைத் திட்டுகிறாள்."

பலகை சொன்னது:

"என் கம்பத்தடியில் ஒரு மீன்காரி தினமும் தன் கழுதையை ஐரிஷில் திட்டுவாள். அவள் இறந்த பிறகும் எல்லோரும் என்னை மரியாதையாக வாசித்தார்கள். ஆனால் பேசுவதும் திட்டுவதும் ஆங்கிலத்தில்தான்."